மண் இறுகும் அரை மணி நேரம்

யாராவது சும்மா நின்றால் அந்தம்மாவுக்குக் கோபம் வராது. சந்தோஷம் வரும். வழியில் கிடக்கும் பொருளைப் பார்த்துவிட்டவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அந்த மாதிரி. "ஃப்ரீயாதான இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே கிடையாது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு பட்டறையில் நான் இருபத்திரண்டு வருஷம் அச்சு ஊற்றினேன். அந்தம்மா அங்கே சூப்பர்வைசராக வந்தவர். மூன்று வருஷம் இருந்தார். இப்போது ஏதோ பெரிய ஊரில் பெரிய கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. அங்கே அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பெயரைச் சொல்ல விருப்பமில்லை. நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் வாய்வரைக்கும் ஊற்றுவோம். அச்சு தண்ணீரைக் குடிக்கும். அது குடிக்கக் குடிக்க, மண் உள்பக்கம் படிந்து ஓடு போல இறுகும். ஓடு வேண்டிய கனத்துக்கு வந்ததும், நடுவில் இறுகாமல் நிற்கிற கூழைக் கவிழ்த்து வெளியே விட்டுவிட வேண்டும். அப்போதுதான் பொம்மை உள்ளே கூடாக இருக்கும். இதற்கு அரை மணி நேரம் ஆகும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். காலையில் காய்ந்திருக்கும் அச்சு வேகமாகக் குடிக்கும். அதே அச்சு மூன்றாம் தடவை ஊற்றும்போது நனைந்துபோய் மெதுவாகக் குடிக்கும். மழை நாளென்றால் கேட்கவே வேண்டாம். அதனால் ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே நிற்போம். அச்சின் வாயோரத்தை அப்போதப்போது விரலால் தடவிப் பார்ப்போம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெட்டியாக நிற்பது போலத்தான் தெரியும்.

வந்த முதல் வாரமே அந்தம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டார். என் பக்கத்தில் வந்து நின்று, போனில் நேரத்தைப் பார்த்து, அச்சைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"இப்ப மண்ணுதான வேலை செய்யுது? நீங்க என்ன பண்றீங்க?"

நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஊற்றினால் ஒன்றரை மணி நேரம் வீணாகிறது என்று கணக்குச் சொன்னார். வாரத்துக்கு, மாதத்துக்கு என்று அங்கேயே பெருக்கிக்கொண்டு போனார். என் ஆயுசில் எத்தனை வருஷம் அச்சுக்கு எதிரே நின்றே போய்விட்டது என்றும் சொன்னார். அதுவரைக்கும் அந்த நேரம் போய்விட்டதாக நான் நினைத்ததே இல்லை.

அடுத்த வாரம் சுவரில் ஆளுக்கு ஒரு அட்டை தொங்கியது. ஒவ்வொரு கால் மணிக்கும் என்ன செய்தோம் என்று அவரவரே கட்டத்தில் எழுத வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எழுத்து வரும், ஆனால் ஒவ்வொன்றாகத்தான் வரும். அந்தக் கட்டத்தை நிரப்பவே எனக்குப் பாதி நேரம் போயிற்று. பொய் எழுதத் தெரியவில்லை. 'மண்ணைப் பார்த்தேன்' என்று எழுதினேன். அடுத்த கட்டத்திலும் மண்ணைப் பார்த்தேன். அதற்கடுத்ததிலும் அதுவே.

திங்கட்கிழமை காலையில் மீட்டிங் உண்டு. உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்று எல்லோரையும் நிற்க வைத்துத்தான் நடத்துவார். அந்த வாரம் என் அட்டையை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"மண்ண பாத்தேன், மண்ண பாத்தேன், மண்ண பாத்தேன். சரி, மண்ணு உங்கள திருப்பிப் பாத்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அரை மணியில் முதலில் பட்டறை வேலைதான் கொடுத்தார். காய்ந்த சாமானுக்குத் தூசி தட்டு, கூழ் வடிகட்டு என்று. அதில் எனக்குக் குறை இல்லை, அச்சு கண்ணெதிரேதான் இருந்தது. பிறகு கொரியர் ஆபீசுக்கு ஒரு நடை. பிறகு அவர் வீட்டுக்கு மாவு அரைக்க மில்லுக்கு ஒரு நடை. டெய்லர் கடை, ரேஷன் கடை, இ-சேவை மையம். கடைசியில் பார்த்தால் ஊரில் எங்கெல்லாம் வரிசை இருந்ததோ அங்கெல்லாம் அவருக்குப் பதிலாக நான் நின்றேன். "உங்க பொறுமை வேற யாருக்கும் வராதுங்க" என்பார். புகழ்கிறார் என்று கொஞ்ச நாள் நம்பினேன்.

நான் போகும்போது அச்சுக்கு யார் காவல்? அவருடைய போன். ஊற்றியதும் இருபத்தைந்து நிமிஷத்துக்கு அலாரம் வைப்பார். அடித்தால் யாராவது போய்க் கவிழ்க்க வேண்டும். அச்சு நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் போனுக்கு எப்படித் தெரியும்? சில நாள் பொம்மை காகிதம் போல மெலிந்து, எடுக்கும்போதே காது பிய்ந்து வரும். அதை மறுபடி கூழில் போட்டுக் கரைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பேன்.

மற்றவர்கள் தப்பிக்கக் கற்றுக்கொண்டார்கள். அஞ்சலை அக்கா எங்கள் பட்டறையில் பிசிறு சீவுகிறவர். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் இணைப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மண்ணைச் சின்னக் கத்தியால் வழிப்பது அவர் வேலை. மேடம் தூரத்தில் வரும்போதே ஈர பொம்மை ஒன்றை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஈர மண்ணைக் கீழே வை என்று யாரும் சொல்ல முடியாது. மேடம் தாண்டிப் போனதும் அதே பொம்மையைத் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"ஏம்பா, உனக்குக் கை இல்லையா? நீயும் ஒன்னத் தூக்கிப் புடியேன்."

எனக்கு அது வரவில்லை.

அந்தம்மாவின் வேலையில் குறை சொல்லிவிட முடியாது. அதுதான் கஷ்டம். அவர் வருவதற்கு முன்னால் லாரி வந்து நின்ற பிறகுதான் பெட்டி தேடுவோம். அவர் வந்த பிறகு லாரிக்கு முன்னால் பெட்டி தயாராக இருந்தது. பெண்கள் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். முதலாளி பிரஷர் மாத்திரையைக் குறைத்துவிட்டதாகப் பேச்சு. ஆனால் டீ கடைக்கு நடந்து போய் வந்த நேரமும் போயிற்று. பிளாஸ்கில் டீ வாங்கி இருக்கிற இடத்துக்கே கொடுத்தார்கள். குடித்தால் பல்லில் மண் நறநறத்தது.

அவரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு கையில் டிபன் டப்பா, ஒரு கையில் போன். வண்டி ஓட்டும்போது காதில் எதையோ மாட்டிக்கொண்டு, நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு வருவாராம். வீட்டுக்காரர் வெளிநாட்டில். வீட்டில் சர்க்கரை முற்றிய மாமியார். ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில், டப்பாவை மூடாமலே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். சாம்பார் வழிந்து புடவையில் இறங்கியது. நான் பார்த்தேன். எழுப்பவில்லை. இரக்கப்பட்டு எழுப்பாமல் விட்டேன் என்று சொன்னால் அது பொய். அவர் விழித்தால் எனக்கு வேலை சொல்வார் என்றுதான் எழுப்பவில்லை.

இனி யானை விஷயத்துக்கு வருகிறேன்.

புதுச்சேரியில் ஒரு கடைக்கு யானை பொம்மை ஆர்டர். முழ உயரம். நான்கு காலும் தூண் மாதிரி தடி. அந்த மாதிரி உருப்படியில் கூழைச் சரியான நேரத்தில் கவிழ்க்காவிட்டால் கால் முழுக்க மண் அடைத்துக்கொள்ளும். வெளியே காய்ந்தது போலத் தெரியும், நடுவில் ஈரம் நிற்கும். அது சூளைக்குள் போனால் ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் பொம்மையை உடைத்துக்கொண்டு வரும். வெடிகுண்டு மாதிரிதான்.

பன்னிரண்டு யானை அச்சு ஊற்றி முடித்துக் கையைக்கூட நான் கழுவவில்லை. அந்தம்மா வந்துவிட்டார். மாமியாரை டாக்டரிடம் காட்ட வேண்டும், மாமியார் ஆட்டோவில் நேராகக் கிளினிக்குக்கு வந்துவிடுவார், நான் போய் டோக்கன் மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால் போதும் என்றார். பத்து நிமிஷம்தானாம். யானையாச்சே மேடம் என்றேன். அலாரம் வைத்திருப்பதாக போனைக் காட்டினார். "நானே நின்னு கவுக்கிறேன். போதுமா?"

கிளினிக்கில் டோக்கன் பத்தொன்பது. உள்ளே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கிய மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்து, மருமகள் எங்கே என்றார். பட்டறையில் இருப்பதாகச் சொன்னேன். அதற்குள் போன் வந்தது. இவ்வளவு தூரம் போனது போனீர்கள், அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள், அச்சை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மேடம். சரிங்க என்றேன். நான் சொல்லக் கூடாத இடத்தில் சொன்ன சரிங்க அது.

ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமியார் என்னோடு பேசவில்லை. உள்ளே போனதும் டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க மகனா?" என்றார். யார் என்று விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆமாங்க என்றுவிட்டேன். மாமியார் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஆனால் இல்லை என்று அவரும் சொல்லவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"எம் புள்ள கூட இவ்ளோ நேரம் உக்காந்ததில்ல. உனக்கு வேற பொழப்பே இல்லையா?"

பட்டறைக்கு ஓடி வந்தேன். பன்னிரண்டு அச்சும் ஒழுங்காகக் கவிழ்ந்திருந்தன. மனசு கொஞ்சம் ஆறியது. முதல் அச்சைப் பிரித்து யானையைத் தூக்கியதும் கை சொல்லிவிட்டது. இரண்டு யானைக் கனம். அஞ்சலை அக்கா குனிந்தபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அலாரம் அடித்தபோது மேடம் கொரியர்க்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாராம். அடித்த அலாரத்தை அமுக்கிவிட்டாராம். ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து ஓடிப்போய்க் கவிழ்த்தாராம்.

நான் மேடத்திடம் போனேன். போவதற்கே எனக்குச் சாயங்காலம் ஆயிற்று. யானை கனமாகிவிட்டது, இன்னும் பத்து நாளாவது நிழலில் காய வைக்க வேண்டும் என்றேன். வியாழக்கிழமை சூளை ஏற்றுகிறோமே என்றார்.

"கனமா இருந்தா கெட்டிதான? நல்லதுதான?"

"வெடிக்குங்க மேடம்."

"எத்தனை வெடிக்கும்?"

எத்தனை என்று யாரால் சொல்ல முடியும்? நான் யோசித்தேன். ஒன்றும் வெடிக்காமலும் போகலாம், எல்லாம் வெடித்தாலும் வெடிக்கலாம். நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். இரண்டு ஃபேன் வைத்து யானைகளைக் காயப் போடச் சொன்னார். வியாழக்கிழமை அவை சூளைக்குள் தள்ளுகிற வண்டியில் ஏறின. ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அச்சு ஊற்றுகிற ஒவ்வொருவரும் பொம்மையின் அடியில் தன் அடையாளத்தைக் கீறுவோம். ஒருவருக்குப் புள்ளி, ஒருவருக்கு வட்டம், எனக்கு இரண்டு கோடு. சூளையில் ஏதாவது வெடித்தால், அடிப்பக்கத் துண்டைத் தேடி எடுத்து, கீறல் மேலே தெரியும்படி ஒரு பலகையில் வைப்பார்கள். யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். உரிய ஆள் தானாக வந்து பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டிவிட்டு வருவார். அவ்வளவுதான். முதலாளிக்கும் அது தெரியும். அப்படி நடக்கும் நாளில் அவர் வெளியே போய் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அந்தப் பலகையைத் தூக்கியது இரண்டே தடவை.

சனிக்கிழமை சூளை திறந்தார்கள். பன்னிரண்டில் ஐந்து யானை வெடித்திருந்தன. வெடித்த துண்டுகள் பக்கத்தில் இருந்த விளக்கு, பூச்சட்டி எல்லாவற்றின் மேலும் தெறித்து, அப்படியே ஒட்டிக்கொண்டு வெந்திருந்தன. ஒரு வண்டிச் சாமானில் தேறியது ஒரு வரிசை. அஞ்சலை அக்கா துண்டுகளைத் துடைத்துத் துடைத்துப் பலகையில் வைத்தார். இரண்டு கோடு, இரண்டு கோடு, இரண்டு கோடு. முதலாளி வாசல் பக்கம் நகர்ந்தார். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். நான் பலகையை நோக்கி நடந்தேன்.

பாதி வழிகூடப் போகவில்லை.

"இதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?" என்றார் அந்தம்மா. "ரெண்டு கோடு யாரோடது? இவரோடதுதான?" என் பெயரைச் சொன்னார். முதலாளியைக் கூப்பிட்டார். "அன்னைக்கு ஊத்திட்டு அச்சுகிட்ட ஆளே இல்லைங்க சார். நான்தான் பாத்துட்டு ஓடிப்போயி கவுத்தேன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வருஷங்கள் ஆகியும் அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலாளி திரும்பி வந்தார். அவருக்கும் சங்கடம்தான். எங்கப்பா போயிருந்த என்று கேட்டார். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். என் மாமியாரோடு உட்கார்ந்திருந்தார் என்று அவரே சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். முப்பது பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெளிய போயிருந்தேங்க" என்றேன்.

கொஞ்ச நாள் பேக்கிங்கில் இருக்கச் சொன்னார்கள். என் அச்சு மேடையில் நல்லூர்க்காரர் ஒருவரைப் போட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்றைக்கும் முடியவில்லை.

அஞ்சலை அக்கா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. போகும்போது மட்டும் நின்றார்.

"வாயில மண்ணுக்கூழ ஊத்தி வச்சிருக்கியா? அதையாவது நேரத்துக்குக் கவுத்து வுடேன்பா. நான் போயி சொல்லட்டுமா?"

வேண்டாங்க்கா என்றேன். அக்கா சொன்னால் நடந்தது வெளியே வரும். ஆனால் அந்த வரியை நானே சொல்லாதது போகாது.

திங்கட்கிழமை. பேக்கிங் கொட்டகையில் நானும் வைக்கோலும் பழைய பேப்பரும்தான். சூளையில் தேறிய ஒரு வரிசையைச் சனிக்கிழமையே கட்டிவிட்டதால் கட்டுவதற்கும் ஒன்றுமில்லை. பதினோரு மணி இருக்கும். அந்தம்மா வந்தார். சனிக்கிழமை என்று ஒரு நாள் இருந்ததே அவர் முகத்தில் தெரியவில்லை. கெட்ட எண்ணம் இல்லை என்று நினைக்கிறேன். அதை நினைவு வைத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

"நல்லதாப் போச்சு. இப்ப அச்சு பாக்குற டென்ஷன் கூட இல்ல உங்களுக்கு. அத்தையோட ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டணும். ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. அவங்களே உங்களத்தான் அனுப்பச் சொன்னாங்க."

ரிப்போர்ட் கவரை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"முடியாதுங்க மேடம்."

அவருக்குக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். விழுந்திருந்தது.

"ஏன், வேலை இருக்குதா?"

சுற்றிப் பார்த்தேன். ஒரு பெட்டிகூடத் திறந்து கிடக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், வீட்டில் வேலை என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லைங்க. வேலை ஒன்னும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"முடியாதுங்க."

காரணத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். என்னிடம் காரணம் எதுவும் இல்லை. கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, அவரே ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

திரும்பி வர ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அதுவரைக்கும் நான் ஒரு பேப்பரைக்கூட மடிக்கவில்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.